ஆட்டின் கழுத்தில் மோர்ஸ் கீ

பித்தளை துலக்கக் கடைச் சரக்கு எதுவும் வேண்டாம். நன்றாகப் புளித்த மோரும் ஒரு கம்பளித் துணியும் போதும். கடைச் சரக்கு பளபளப்பைக் கொடுக்கும், ஆனால் திருகு மரைக்குள் வெள்ளையாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். மோர் அப்படியில்லை, வேலையை முடித்ததும் கழுவினால் போய்விடும். பேசிக்கொண்டே இந்தக் கீயைத் துடைக்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். கை சும்மா இருந்தால் எனக்குப் பேச்சு வராது.

உட்காருங்கள். வாசலில் கட்டியிருக்கும் ஆடு உங்கள் கோட்டை முகர்ந்து பார்த்திருக்குமே. இன்று காலையிலிருந்து அது என்னுடையது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டி, சூடாக இருக்கும்போதே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறினால் எண்ணெய்தான் வாயில் நிற்கும்.

பிஷ்கெக்கிலிருந்து ஏரியைச் சுற்றிக்கொண்டு கரகோல் வரை வந்திருக்கிறீர்கள். ஹாம் ரேடியோ சங்கத்தார் உங்களைக் கேட்கச் சொன்ன கேள்வி எனக்குத் தெரியும். பல் வைத்தியர் குபாத்தின் கையைக் கெடுத்தது இந்த ஷைலோதானா என்பது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவன் கையை நான் தொட்டதே இல்லை. ஒரு கீயைத் தொட்டேன். அதுவும் அவனாகவே என்னிடம் கொடுத்தது.

நான் ஏரித் துறையில் படகுப் பட்டறை இருந்தவரை அங்கே லேத் ஓட்டியவன். பட்டறையை மூடிய பிறகு எனக்கு இந்த மேசையும் இந்த அலமாரியும்தான். அலமாரியில் இருப்பவை எல்லாம் நான் செய்த கீகள், அல்லது நான் உயிர் கொடுத்து எழுப்பியவை. அந்தக் கறுப்புக் கீ பழைய இழுவைப் படகு ஒன்றிலிருந்து வந்தது. என் கைக்கு வந்தபோது ஒரு வீட்டில் அதை வைத்து வாதுமைக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். துருவை எடுத்து, அச்சு ஊசியைப் புதிதாகக் கடைந்து போட்டு, முதல் தடவை தட்டிப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பார்க்க ஒன்றுமில்லாத பொருள்தான். ஒரு பித்தளைக் கை, நடுவில் அச்சு, ஓரத்தில் குமிழ், அடியில் இரண்டு முனைகள் தொட்டுக்கொள்ளும் இடம். அழுத்தினால் ஒலி போகும், விட்டால் நிற்கும். குறுகத் தட்டினால் புள்ளி, நீட்டித் தட்டினால் கோடு. ஆனால் அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது, மெல்லிய தாள் நுழையும் அளவு. அதையும் ஸ்பிரிங்கையும் ஆளுக்குத் தகுந்தபடி வைத்துவிட்டால், விரலுக்குக் கீழே கீ இருப்பதே தட்டுகிறவனுக்கு மறந்துபோகும். என் தொழிலின் தலையெழுத்து அதுதான். மோசமான கீயை எல்லாரும் திட்டுவார்கள். நல்ல கீயை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்.

குபாத்துக்கு வருகிறேன். பாதி ஊரின் வாய்க்குள் அவன் கை போய் வந்திருக்கிறது. கனத்த உடம்பு, ஆனால் விரல்கள் பெண்பிள்ளையின் விரல்கள் மாதிரி. அவன் பிடுங்கிய பல்லைக் காட்டும்வரை பிடுங்கியது தெரியவில்லை என்று ஆட்கள் சொல்வார்கள். அதே விரல்களால்தான் மோர்ஸும் தட்டுவான். ஒவ்வொருவர் தட்டுவதற்கும் ஒரு சாயல் உண்டு, கையெழுத்தைப் போல. எங்கள் ஆட்கள் அதைக் 'கை' என்றே சொல்வார்கள். குபாத்தின் கை இந்த மலைகளுக்குள் பிரசித்தம். மலைக்கு அந்தப் பக்கம் நரினில் இருக்கும் புருல் அக்கா, அவன் பெயரைச் சொல்வதற்கு முன்பே அவனை அடையாளம் கண்டுவிடுவாள்.

நானும் அவனும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள், குர்தாஷ். நகரத்தில் இந்த வழக்கம் எவ்வளவு மிச்சமிருக்கிறதோ தெரியாது. எங்கள் பக்கம் குர்தாஷ் என்ன கேலி செய்தாலும் முகம் சுளிக்கக் கூடாது. எங்கள் ஊர் ரேடியோக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதற்குத் தண்டம்கூட வைத்திருந்தோம். கோபப்பட்டவன் ஓர் ஆடு கொடுக்க வேண்டும். அதை அறுத்து இருவரும் ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். அவன் ஒருமுறை என் தொப்பிக்குள் யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லைப் போட்டு வைத்தான். நான் அவன் வீட்டு ஏரியல் கம்பியில் அவன் உள்சட்டைகளையெல்லாம் தெருவுக்கே தெரியும்படி காயப்போட்டேன். இத்தனை காலத்தில் எங்களில் ஒருவனும் கோபப்பட்டதில்லை. ஆட்டின் விலையும் அப்படி.

அவன் பிறந்தநாளுக்கு இந்தக் கீயைச் செய்து கொடுத்தேன். ஒரு குளிர்காலம் முழுக்க இதே வேலை. அடிப்பலகை வாதுமை மரம், குமிழ் நம் மலை ஆர்ச்சா மரம். பழைய வெள்ளி நாணயம் ஒன்றை வெட்டி முனை வைத்தேன். அவன் விரல் கனத்தை மனதில் வைத்து ஸ்பிரிங்கைச் சுற்றினேன். போன இலையுதிர் காலத்தில், கூட்டத்தில் எல்லாரும் சோறு சாப்பிட்டு முடித்த நேரம், குபாத் இதை வைத்து நரினோடு பேசினான். புருல் அக்கா பதிலுக்குத் தட்டியதை எங்கள் ஆள் ஒருவன் உரக்கப் படித்தான்: "உன் கைக்குத் திருஷ்டி சுத்திப் போடணும்டா குபாத்." எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் கேட்டேன், சாதாரணமாகத்தான். "கீ எப்படிடா இருக்கு? ஸ்பிரிங் இறுக்கமா இல்லையே?"

"கீயா? அட, இதுல கீன்னு ஒண்ணு இருக்கா? நான் கவனிக்கவே இல்லையேப்பா!"

கூட்டம் சிரித்தது. அதோடு விட்டிருக்கலாம். அவன் விடவில்லை. "ஷைலோ, உன் பித்தளையெல்லாம் அலமாரிக்குத்தான்டா அழகு. கை இருந்தா கரண்டியே போதும்." சொல்லிவிட்டு என் கீயின் ஒயர்களைக் கழற்றி, ஒன்றை டீக் கரண்டியிலும் ஒன்றை ஜாம் டப்பா மூடியிலும் மாட்டினான். கரண்டியால் மூடியைத் தட்டினான். கொஞ்சம் கரகரப்பு, ஆனால் அவன் கைதான், அட்சரம் பிசகாமல். நரினிலிருந்து உடனே பதில் வந்தது: "குபாத், இன்னைக்கு என்னத்தை வச்சுத் தட்டுற? இன்னும் சாப்பிட்டு முடிக்கலயா?"

சிரித்துச் சிரித்து ஒருவனுக்குப் புரையேறிவிட்டது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான். வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

அன்றே சொன்னேன், "முனையெல்லாம் கறுத்திருக்குடா, குடு, சுத்தம் பண்ணித் தரேன்." கொடுத்தான்.

இப்போது வேலையைச் சொல்கிறேன். நீங்களும் ஹாம் என்பதால் ரசிப்பீர்கள். இந்தப் பித்தளைக் கையின் இரண்டு பக்கமும் ஊசி முனைத் திருகுகள் வந்து உட்காரும் குழிகள் உண்டு. அவற்றைத் துளி அகலப்படுத்தினேன். மிச்ச இடத்தில் தேன்மெழுகையும் பைன் பிசினையும் கலந்து அடைத்தேன். குளிரில் அது கல். ஊசி அதில் பூப்போல உட்காரும். குபாத்திடம் இருப்பது பழைய வால்வு ரேடியோ செட், ஓடினால் அடுப்பு மாதிரி காயும். அவன் அறை குளிர் என்பதால், விரல் விறைக்காமல் இருக்கக் கீயை அந்தச் செட்டின் மேலேயே வைத்துத் தட்டுவான். இது எனக்கு மட்டும் தெரியும் என்றில்லை, எல்லாருக்கும் தெரியும். அரை மணி நேரத்தில் மெழுகு இளகும். பித்தளைக் கை லேசாக ஆடும். ஒரு புள்ளி விழ வேண்டிய இடத்தில் இரண்டு விழும். நிறுத்திவிட்டுப் போனால் ஆறி மறுபடி இறுகிவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. அடித்துச் சொல்வேன், என் வாழ்க்கையில் இதைவிடச் சுத்தமான வேலை செய்ததில்லை.

பொறாமை என்று சொல்வீர்கள். இல்லை. கை பாதி, கீ பாதி என்பது ஓர் உண்மை, அதை யாராவது ஒருவர் காட்ட வேண்டியிருந்தது. ஒரு வாரம் அவன் தடுமாறட்டும், ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் அச்சைக் கழற்றிக் காட்டி, 'இப்பக் கவனிச்சியாடா?' என்று கேட்கலாம் என்றிருந்தேன். குர்தாஷ் கேலிதான்.

அந்த வாரமே வந்துவிட்டான், பனியில் நடந்து, கீயைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு.

"டேய், இந்தக் கழுதைக்கு என்னமோ ஆச்சு. முதல்ல நல்லாத்தான் ஓடுது, அப்புறம் உளற ஆரம்பிக்குது."

"கழுதையா, மேல உக்காந்திருக்கிறவனா?"

அவனும் சிரித்தான். மேசையில் வைத்துத் தட்டினேன். குளிர்ந்த கீ, சுத்தமாக ஓடியது. அவனும் தட்டினான், ஓடியது. "கீ கல்லு மாதிரி இருக்குடா," என்றேன். அந்த நிமிடம் அது உண்மை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சொல்வதற்கு வாயைத் திறந்தேன், ஆனால் அதற்கு முன்பே ஒருவர், "குபாத்துக்குக் கை அறுந்துபோச்சு போல," என்றார். அந்தச் சொல் உங்களுக்கும் தெரியும். எலும்புக்கும் நரம்புக்கும் ஒன்றும் இருக்காது, கீயின் மேல் வைத்தால் மட்டும் கை சொன்னபடி கேட்காது. வந்தால் போகாது என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு மாரடைப்பைவிட அதில்தான் பயம். கீயைச் சந்தேகப்பட ஒருவருக்கும் தோன்றவில்லை. ஷைலோ பார்த்துச் சரி என்று சொன்ன கீயாயிற்றே. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மனசு நிறைந்துவிட்டது. வாழ்நாளில் முதல் தடவையாக என் கீயை எல்லாரும் நம்பினார்கள், அவன் கையை நம்பவில்லை. அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? சொன்னால் ஷைலோ செய்த கீ கோளாறு என்றல்லவா ஆகும்.

அவன் மறுபடி வந்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. கையை இந்த விளக்குக்குக் கீழே நீட்டினான். "மறைக்காம சொல்லுடா. என் கைதானா?"

நான் தொடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தேன். "நமக்கும் வயசாச்சுல்லடா," என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அப்புறம் நடந்ததில் என் பங்கு குறைவு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஒருவன் விளையாட்டாக அந்தப் பழைய டீக் கரண்டியை அவன் முன்னால் நீட்டினான். குபாத் ஒயர் மாட்டித் தட்டினான். கரண்டியில் மெழுகு இல்லை, அச்சும் இல்லை. ஆனாலும் தடுமாறினான். தன் விரலையே பார்த்துக்கொண்டு தட்டினால் யாருக்கும் தடுமாறும், படியிறங்கும்போது காலைப் பார்த்தால் தடுக்குகிற மாதிரி. கரண்டியை மெதுவாக வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அன்று யாரும் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் ஒரு பெண்மணியின் வாய்க்குள் டிரில்லைக் கொண்டுபோனவன் அப்படியே வெளியே எடுத்துவிட்டான். ஒன்றும் ஆகவில்லை. ஆகிவிடுமோ என்று தோன்றியதாம். அவளிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, நாற்காலிக்குப் படுக்கை விரிப்பைப் போர்த்தி, கிளினிக்கைப் பூட்டினான். அவன் மனைவி சுமிரா இங்கே வந்தாள். நீங்கள் இருக்கும் அதே இடத்தில்தான் உட்கார்ந்தாள்.

"அண்ணே, டீக் கிளாஸை ரெண்டு கையாலயும் புடிச்சுக் குடிக்கிறாருண்ணே. நான் பார்த்தா திரும்பிக்கிறாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. பிஷ்கெக்ல பெரிய டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்கண்ணே."

கூட்டிக்கொண்டு போனேன். என்னைக் கல்நெஞ்சன் என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். வழி முழுக்க அவனுக்கு ஜன்னலோர இருக்கையைக் கொடுத்தேன், சம்சா வாங்கிக் கொடுத்தேன். டாக்டர் தட்டிப் பார்த்து, ஊசியால் குத்திப் பார்த்து, ஒரு நோயும் இல்லை என்றார். அதில் குபாத்துக்கு இன்னும் பயம் பிடித்துவிட்டது. நோய் இருந்தால் மருந்து இருக்கும் அல்லவா. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினான். கனமான தலை. தோள் மரத்துப்போனது, ஆனால் நான் அசையவில்லை.

அதற்கப்புறம் சாயங்காலமெல்லாம் அவன் வீட்டில்தான் இருந்தேன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்: எனக்கு அவை நல்ல நாட்கள். கேலி பேசுவதை அவன் நிறுத்திவிட்டான். நான் அச்சைப் பற்றிப் பேசினால் கேட்டான், ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசினால் கேட்டான். "நீ செய்யிற வேலை எவ்வளவு நுணுக்கம்டா," என்றான் ஒரு நாள். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தைக்காக நான் காத்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மெழுகை எடுத்துவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். கை சரியாகிவிட்டால் மறுபடி கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவான் என்பதும் கூடவே நினைவுக்கு வரும்.

பனி உருகியதும் புருல் அக்கா நரினிலிருந்து அவனைப் பார்க்க வந்தாள். மனுஷி அவன் செட்டின் முன்னால் உட்கார்ந்து, இதே கீயை வைத்து, நரினில் இருக்கும் தன் சிநேகிதிக்கு அவன் படும் பாட்டை விலாவாரியாகத் தட்டியிருக்கிறாள். அக்கா பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள், அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அரை மணி தாண்டியதும் அவளுக்கும் புள்ளிகள் உளறின. அவளுடைய கையும் அறுந்துவிட்டது என்று அழுவாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவள் திருப்புளியைக் கேட்டாளாம். அச்சைக் கழற்றி, விரலில் ஒட்டியதை மோந்து பார்த்திருக்கிறாள். தேனீ வளர்ப்பவள். கூட்டத்தில் எல்லாருக்கும் புத்தாண்டுக்கு ஆளுக்கு ஒரு கட்டி மெழுகு கொடுப்பவளும் அவள்தான்.

எனக்குப் போன் செய்தாள்.

"ஷைலோ, நான் குடுத்த மெழுகை என்னடா பண்ணுன?"

"கொஞ்சம் செலவாயிருச்சுக்கா," என்றேன்.

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. நானும் மறைக்கவில்லை. ஆகவே நான் ஒப்புக்கொள்ளவில்லை என்று சங்கத்தில் யாராவது சொன்னால் அது தவறு. செய்தது நான்தான். தெரிந்தே செய்தேன். நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

உண்மை தெரிந்த பிறகும் அவனுக்குக் கை வரவில்லை என்கிறீர்கள். அக்காவின் சொந்தக் கீயைக் கொடுத்தும் இரண்டு வார்த்தைக்கு மேல் ஓடவில்லையாம், நாற்காலி மேல் போர்த்திய விரிப்பும் அப்படியேதான் இருக்கிறதாம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கீயில் இருந்த கோளாறை எடுத்தாகிவிட்டது. மனதுக்கு அச்சு போட என்னிடம் லேத் இல்லை. நாள்பட்டால் சரியாகும்.

இப்போது ஆடு. இன்று காலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன், குபாத்தே இழுத்துக்கொண்டு வந்தான். நான் கையை அசைத்தேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசல் கம்பியில் கயிற்றைக் கட்டினான். முடிச்சுப் போட அவனுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. விரல் நழுவிக்கொண்டே இருந்தது. இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினான். உதவிக்குப் போகலாம் என்று எழுந்தேன், அதற்குள் போய்விட்டான்.

ஆட்டின் கழுத்தில் மணி மாதிரி இந்தக் கீயைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபக்காரனுக்கு இப்படியொரு யோசனை வருமா? பழைய குபாத் உள்ளேதான் இருக்கிறான் என்று சுமிராவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள். குழிகளுக்குப் புது வளையம் போட்டுவிட்டேன், துடைப்பதும் முடிந்தது. பாருங்கள், முகமே தெரிகிறது. இனி அரை நாள் தட்டினாலும் ஆடாது.

ஆனால் விதி விதிதான். கோபப்பட்டவன் ஆடு கொடுக்க வேண்டும், அவன் கொடுத்துவிட்டான். ஆகவே தோற்றது அவன். அதை நான் குத்திக்காட்டப் போவதில்லை. கத்தியைத் தீட்டி வைத்துவிட்டேன், பெரிய தட்டையும் இறக்கிக் கழுவியாயிற்று. ஒரே தட்டில் சாப்பிட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். நீங்கள் திரும்பிப் போகிற வழியில் அவன் வீடு இருக்கிறது, சனிக்கிழமை வருகிறானா ஞாயிற்றுக்கிழமை வருகிறானா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.